குறுக்கே நிற்கிற கார்டு

அக்கா என்னை முதன்முதலாக அடித்தது ஸ்க்ரூடிரைவரின் பிடியால். அடி விழுந்த இடம் விரல் முட்டி. ஊரே அக்கா என்று கூப்பிடும் அவள், மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேமரா, கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். பழைய கேபிள் ஒன்று வாங்கப் போயிருந்தேன். மேசையில் ஒரு மதர்போர்டு திறந்து கிடந்தது. என் கை தானாகப் போய்விட்டது. எலும்பில் டக்கென்று சத்தம் கேட்டது. வலி அதற்கப்புறம்தான் வந்தது.

"கடையில ஆள் இருக்குதுல்ல? கேட்டுட்டுத் தொடு," என்றாள்.

நான் அப்படியே திரும்பிப் போகிற ஆள் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, சென்னையில் சேர்ந்த வேலையைச் சேர்ந்த வேகத்திலேயே விட்டுவிட்டு, வீட்டில் சொந்தமாக ஒரு சர்வர் கட்டியே தீருவேன் என்று அலைந்த காலம் அது. போர்டில் கரண்ட் இல்லை, என் கையில் ஈரம் இல்லை, அடிக்க நீங்கள் யார் என்று கடை வாசலில் நின்று கத்தினேன். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, விடும்மா, அது அப்படித்தான் என்று எனக்குச் சமாதானம் சொல்ல வந்தார். அக்கா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வீசினாள். அவர் காதோரமாகப் போய் பாய்லரில் பட்டு விழுந்தது.

"நானும் அவளும் பேசிட்டு இருக்கறோம். நீ இன்னாத்துக்கு நடுவுல?"

அவர் உள்ளே போய்விட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, எந்த கேபிள் வேண்டும் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

அந்த ஒரு காலையிலேயே அவளுடைய குணம் எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். பிடிபட நாளாயிற்று; அதற்குள் நான் அந்தக் கடையிலேயே கூடமாட வேலை செய்யத் தொடங்கியிருந்தேன். அக்கா கோபக்காரி, கை நீட்டுகிறவள் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அது பாதி உண்மை. எதிரில் நின்று சண்டை போடுகிறவனை அவள் மன்னித்துவிடுவாள். செக் கொடுத்து ஏமாற்றிய ரிசார்ட்காரனை நடுரோட்டில் செருப்பால் அடித்துவிட்டு, மறுவாரம் அதே ஆள் கூப்பிட்டதும் போய்க் கேமரா மாட்டிவிட்டு வந்தாள். நடுவில் வருகிறவனைத்தான் அவளால் தாங்கவே முடியாது.

ஆள் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒல்லி. சுடிதாருக்கு மேல் தம்பியின் பழைய சட்டையைப் போட்டு, கையை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பாள். விரல்களில் சால்டரிங் சூட்டுத் தழும்புகள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். எப்படி என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை சொன்னாள். மெஷின்களையும் அடிப்பாள். ஓடாத ஃபேனை ஒரு தட்டு, கிர்ரென்று கத்தும் ரெக்கார்டருக்கு ஓங்கி ஒரு அறை. உப்புக் காற்றில் எங்கள் பக்கம் எந்த எலெக்ட்ரானிக் சாமானும் ஒழுங்காக ஆயுசு முடிவதில்லை. கார்டுகளின் பொன்னிறப் பற்களில் பச்சையாகப் பூத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரை வைத்து அதைத் தேய்த்துக்கொண்டே அவள் கெட்ட வார்த்தை பேசுவாள். அந்தப் பேச்சில் ஒரு தாளம் இருக்கும்.

குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கு நானும் ஒருமுறை ஏணி பிடிக்கப் போனேன். ஓனர் வயதான வெள்ளைக்காரர். இடையில் ஒரு கான்ட்ராக்டர். ஓனர் சொல்வதை இவன் எங்களுக்குத் தமிழில் சொல்வான். நாங்கள் சொல்வதை அவருக்கு வேறு மாதிரி சொல்வான். அக்காவுக்கு இங்கிலீஷ் பேச வராதே தவிர, கேட்டால் புரியும். தண்ணீர் படாத கேமராதான் வேண்டும் என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. இவன், சாதாரணமே போதுமாம் என்றான். அக்கா ஏணியிலிருந்து இறங்கினாள். அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி மாடிச் சுவரில் அடித்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான். அடுத்த நொடி அவன் மல்லாந்து கிடந்தான். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவன் அலறிக்கொண்டிருக்கும்போதே அக்கா அந்தக் கிழவரிடம் போய், கேமராவைக் காட்டி, மேலே வானத்தைக் காட்டி, கைவிரல்களால் மழை பெய்து காட்டினாள். அவர் பயந்துகொண்டே தலையாட்டினார். அந்த வேலை எங்களுக்குத்தான் கிடைத்தது. இன்றைக்கும் அந்தக் கேமராக்கள் ஓடுகின்றன என்று கேள்வி. எனக்கு என்னவோ அந்த மணிக்கட்டின் சத்தம்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

இன்னொரு நாள், உப்பு ஏற்றுகிற ஆட்கள் இருவர் எங்கள் கடை முன்னால் கட்டிப் புரண்டார்கள். யார் எதற்கு ஆரம்பித்தது என்று தெரியாது. எங்கள் ஊரில் சண்டை என்றால் அடிக்கிறவர் இருவர், விலக்கிவிட வருகிறவர் இருபது பேர். விலக்க ஆள் வருவார்கள் என்கிற தைரியத்தில்தான் பாதிப் பேர் கையையே ஓங்குவார்கள். அன்றைக்கும் ஆட்கள் ஓடி வந்தார்கள். அக்கா ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நடுரோட்டுக்குப் போய், சண்டைக்காரர்களுக்கு முதுகு காட்டி நின்றாள். கிட்ட வந்தவர்களின் முழங்காலைப் பார்த்து வீசினாள். ஒருவரும் நெருங்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் மூக்கில், வாயில் ரத்தம் ஒழுக அடித்துக்கொண்டு, கடைசியில் மூச்சு வாங்கி அவரவர் பக்கம் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் மற்றவனிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

ஒருவன் செத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"விலக்கி விட்டா சண்டை தீந்துடுமா? மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவான். அங்க யாருடி வாங்கறது?"

சொல்லிவிட்டு சால்டரிங் வேலையில் குனிந்தாள். அப்புறம் தலை நிமிராமலே மீதியையும் சொன்னாள். அவள் அப்பா அம்மாவை அடிக்கும்போதெல்லாம் குப்பத்தில் பஞ்சாயத்துக் கூடும். பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் புத்தி சொல்லி, அம்மாவைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஊரே சேர்ந்து நல்லபடியாக முடித்துவைத்தது. ஒவ்வொரு தடவையும் அம்மா திரும்பிப் போனாள். கடைசித் தடவை போனவள் வெளியே வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பாவும் கொஞ்ச நாளில் சாராயத்தில் போய்ச் சேர்ந்தார். அக்காவும் இடுப்பில் தூக்கிவைத்திருந்த தம்பியும்தான் மிச்சம். இதையெல்லாம் சொல்லும்போது அவள் கையில் ஈயம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

இப்போது அந்தக் கார்டு. என்னையும் அக்காவையும் சேர்த்துக் கட்டிப்போட்டதே அதுதான்.

அவள் மாட்டிய கேமராக்களின் ரெக்கார்டர்கள் கடலோரத்தில் துருப்பிடித்துச் செத்துக்கொண்டே இருந்தன. அதனால் எல்லாப் படமும் நேராகத் தன் வீட்டுக்கு வந்து சேருகிற மாதிரி, கடைக்குப் பின்னால் அவள் குடியிருந்த அறையில் ஒரு சர்வர் வைத்திருந்தாள். அதில் எட்டு டிஸ்க்குகள். அத்தனையையும் மெஷினோடு இணைப்பது ஒரே ஒரு கார்டு. பெரிய கம்பெனிகள் கழித்துப்போடும் சர்வர்களிலிருந்து பிடுங்கி, சென்னை ரிச்சி தெருவில் மலிவாக விற்பார்கள். இந்தக் கார்டுக்குள் ஃபர்ம்வேர் என்று ஒரு நிரல் எழுதிவைத்திருக்கும். அது ஒரு தாசில்தார் மாதிரி. டிஸ்க்குகளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த கணக்கை மட்டும் மெஷினுக்குச் சொல்லும். எங்களைப் போல வீட்டில் சர்வர் கட்டுகிறவர்களுக்கு அது ஆகாது. அந்த நிரலை அழித்துவிட்டு, வேறு ஒன்றை எழுத வேண்டும். புதிய நிரலுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. டிஸ்க் சொல்வதை அப்படியே மெஷினுக்குக் கடத்தும், அவ்வளவுதான். இதற்குப் பெயர்தான் ஃபிளாஷ் பண்ணுவது. இதில் ஆபத்து ஒன்றே ஒன்று. பழையதை அழித்ததற்கும் புதியதை எழுதி முடிப்பதற்கும் இடையில் கரண்ட் போனால் கார்டு பிணம்.

அக்காவுக்கு உலகத்தில் இதைவிடச் சந்தோஷமான வேலை வேறு கிடையாது. "இரு, உன் வாயை மூடறேன்," என்று கார்டிடம் சொல்லிக்கொண்டேதான் அழிப்பாள். நான் இணையத்தில் படித்ததை எல்லாம் கொண்டுவந்து கொட்டுவேன். அவள் அதில் பாதியைப் பொய் என்பாள். அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போடுவோம். சில சமயம் அந்தக் குறையும் தீரும்.

மழைக்காலத்துக்கு முன்னால் குப்பத்தில் அந்தக் கலவரம் நடந்தது. யாரோ யாருடைய வலையையோ அறுத்துவிட்டார்கள் என்று ஆரம்பித்து, ஐஸ் பேக்டரி முன்னால் இரண்டு கட்சியாக மோதிக்கொண்டார்கள். அக்காவின் தம்பி மண்டை பிளந்து விழுந்தான். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் வரிசையாகத் தையல் போட்டார்கள். கண் விழித்தான், பேசினான், வலது கை மட்டும் அசையவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அதைவிட மோசமான செய்தி ஸ்டேஷனிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் கேஸ் போட்டிருந்தார்கள். அடித்தவர்கள் பட்டியலில் தம்பியின் பெயரும் இருந்தது. அவன் போலீஸ் வேலைக்கு எழுதி, ஓடி, கயிறு ஏறி எல்லாவற்றிலும் தேறி, கடைசி நன்னடத்தை விசாரணைக்காகக் காத்துக்கொண்டிருந்தான். கேஸில் பெயர் இருந்தால் அந்த வேலை போனது போனதுதான். இரண்டு கட்சியும் சமாதானமாகக் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளட்டும் என்று பஞ்சாயத்தார் ஏற்பாடு செய்தார்கள். அதற்காக முன்னால் நின்று ஓடியவன் அக்காவின் பெரியப்பா மகன். நல்ல மனுஷன், ஆஸ்பத்திரியில் தம்பிக்கு மலம், மூத்திரம் எடுத்தவன் அவன்தான். சமாதானக் கையெழுத்து போட்டால், நானும் அடித்தேன் என்று தம்பியே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அது அக்காவுக்குத் தெரிந்தது. என் தம்பி யாரையும் அடிக்கவில்லை என்று சொல்ல அவளிடம் வாய் வார்த்தையைத் தவிர ஒன்றுதான் இருந்தது: ஐஸ் பேக்டரி வாசலைப் பார்த்து அவளே மாட்டிய கேமரா. அதன் படம் வேறெங்கும் இல்லை, அவள் வீட்டு சர்வரில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மெஷின் முன் உட்கார்ந்தாள். நானும் கூட இருந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணன், அந்தப் பெரியப்பா மகன், போன் செய்தான். நாளைக்குச் சாயங்காலம் ஸ்டேஷனில் கையெழுத்து, எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், நீயும் நடுவில் எதுவும் சொல்லாதே என்றான். நடுவில் என்ற அந்த வார்த்தையை அவளிடம் போய்ச் சொன்னான். அக்கா போனை வைத்துவிட்டு சர்வரை உதைத்தாள். ஒரே உதை. கார்டு பள்ளத்திலிருந்து பாதி எழும்பி, நீலமாக ஒரு பொறி பறந்து, கருகின வாடை வந்தது. ஃபேன்கள் நின்றன.

தம்பியைக் காப்பாற்ற இருந்த ஒரே வழியை அவளே உதைத்து உடைத்துவிட்டாள். சுவரில் தலையை மோதிக்கொண்டாள். நான் பிடிக்கப் போகவில்லை. பிடித்தால் என்ன ஆகும் என்று தெரியும். அவள் தானாக நிறுத்தினாள். "டிஸ்க்கெல்லாம் உயிரோட இருக்குது," என்றாள். "கார்டு மட்டும்தான். போ, வாங்கிட்டு வா."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் போய், ரிச்சி தெருவில் கடை திறக்கும்வரை காத்திருந்து, அதே மாதிரி ஒரு பழைய கார்டை வாங்கிக்கொண்டு, நல்ல வெயிலில் திரும்பி வந்தேன். மாட்டிப் பார்த்தால் நினைத்தபடியே, பழைய கம்பெனியின் ஃபர்ம்வேர் உள்ளே குந்தியிருந்தது. எட்டு டிஸ்க்கும் இருக்கிறது, எல்லாவற்றையும் துடைத்து நான் புதிதாக அடுக்கட்டுமா என்று திரையில் கேட்டது. அக்கா டிஸ்க் கேபிள்களை மொத்தமாகப் பிடுங்கித் தரையில் போட்டாள். "முதல்ல இவனைத் தொலைப்போம்."

அவள் எப்போதும் ஃபிளாஷ் பண்ணும் வழியில் போனால் மெஷின் மறுத்தது. மூன்றாவது தடவையும் அதே பிழைச் செய்தி. போன மாதம்தான் வேறு மதர்போர்டுக்கு மாறியிருந்தாள். புது போர்டில் பழைய வழி எடுபடாது, போர்டின் உள்ளேயே இருக்கும் கட்டளைத் திரை வழியாகத்தான் போக வேண்டும் என்றேன். அவள் கையை ஓங்கினாள். ஓங்கின கையால் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் உட்கார்ந்து அடித்தேன். வழி திறந்தது.

பழையதை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தோம். அழிந்தது என்று வந்தது. இனி கார்டுக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் தகடு. புதியதை எழுதும் கட்டளையை நான் அடிக்க ஆரம்பித்தபோது கடை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அண்ணனும், பஞ்சாயத்தார் இரண்டு பேரும். வேன் காத்திருக்கிறது, ஸ்டேஷனுக்குப் போகலாம், தம்பி சார்பாக நீதான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். அக்கா பின்அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்று, வரமாட்டேன், கேமராவில் இருப்பதைப் போலீசிடம் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்றாள். பெரியவர்களில் ஒருவர், ஊர் ஒற்றுமை என்று ஆரம்பித்தார். அண்ணன் என்னைத் தாண்டி திரையைப் பார்த்தான். முகம் ரத்தம் சுண்டி வெளுத்தது. சட்டென்று திரும்பி, முன்கடைச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினான்.

விளக்கு போயிற்று. மின்விசிறி நின்றது. யூபிஎஸ் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. அதன் பேட்டரியும் உப்புக் காற்றில் ஊறினதுதான். எந்த நேரமும் விட்டுவிடும்.

"அடி," என்றாள் அக்கா என்னிடம்.

நான் கீபோர்டில் அடித்தேன். அவள் ஷட்டர் கம்பியால் அடித்தாள். அண்ணனின் முன்கையில் விழுந்த முதல் அடியிலேயே பீஸ் கட்டை தெறித்துப் போனது. அவன் வலியில் கத்திக்கொண்டு யூபிஎஸ் பக்கம் பாய்ந்தான். அவள் கம்பியை விட்டுவிட்டு அவன் கழுத்தில் தொங்கினாள். அவன் அவள் முடியைச் சுற்றிப் பிடித்து நிலைக்கட்டையில் நெற்றியை இடித்தான். ஒருமுறை, மறுமுறை. பச்சை மட்டையை உடைக்கிற மாதிரி சத்தம். பெரியவர்கள் விலக்க வந்தார்கள். ஒருவரை அவள் அடிவயிற்றில் உதைத்தாள். அவர் மடங்கி உட்கார்ந்தார். அண்ணனின் காதைப் பல்லால் கவ்வினாள். என் தோளில் யாருடைய ரத்தமோ சூடாகத் தெறித்தது. திரையில் ஒரு கோடு மெதுவாக, மிக மெதுவாக நீண்டுகொண்டிருந்தது. நான் அதைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். யூபிஎஸ் கத்துவது நின்று, ஒரே நீளமாக ஊளையிட ஆரம்பித்தது. கோடு முடிவைத் தொட்டது. எழுதி முடிந்தது என்று வந்தது. கார்டின் அடையாள எண்ணைக் கேட்டது. செத்த கார்டின் ஸ்டிக்கரில் இருந்த எண்ணையே இதற்கும் கொடுத்தேன். அதற்கு மேல் தாங்காமல் எல்லாம் அணைந்தது.

"முடிஞ்சிருச்சு அக்கா," என்றேன்.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். காதைப் பொத்திய விரல்களுக்கிடையில் ரத்தம். அடிபட்ட பெரியவரை மற்றவர் வெளியே அழைத்துக்கொண்டு போனார். அக்கா பீஸ் கட்டையைத் தேடி எடுத்துத் தானே மாட்டினாள். டிஸ்க்குகளை இணைத்தாள். அவள் நெற்றியிலிருந்து வழிந்தது கேபிளில் சொட்டியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மாட்டினாள். மெஷினைக் கிளப்பினோம். எட்டு டிஸ்க்கும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒளிவுமறைவில்லாமல், தங்கள் பெயரைச் சொல்லி வந்து நின்றன.

படத்தில் சத்தம் இல்லை. ஐஸ் பேக்டரி வாசல், இரண்டு கூட்டம், மண். இடது ஓரத்திலிருந்து தம்பி ஓடி வருகிறான். கையில் ஒன்றும் இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய், எதிர்க்கட்சிக்கு முதுகைக் காட்டி, தன் பக்கத்து ஆட்களைப் பார்த்து இரண்டு கைகளையும் விரிக்கிறான். வேண்டாம், வேண்டாம் என்று தலை அசைகிறது. அந்த ஆட்களில் ஒருவன் ஐஸ் உடைக்கிற கட்டையை ஓங்கிக்கொண்டு வருகிறான். எதிரில் இருப்பவனைக் குறிவைத்துதான் வருகிறான். தம்பி குறுக்கே வருகிறான். கட்டை இறங்குகிறது. தம்பி விழுகிறான். கட்டையைப் போட்டுவிட்டு அவன்மேல் விழுந்து அழுகிறவன் அண்ணன்.

அக்கா அதைத் திரும்பவும் போட்டுப் பார்த்தாள். தம்பி கைகளை விரிக்கும் இடத்தில் நிறுத்தினாள். அங்கேயே வெகுநேரம் நிறுத்திவைத்திருந்தாள்.

"அவனை அடிக்க ஓங்கல," என்றான் அண்ணன் தரையிலிருந்து. "உனக்கே தெரியுதுல்ல. கண்ணு முழிச்சதும் அவன்தான் சொன்னான். யார்கிட்டயும் சொல்லாதண்ணா, வேலை போனா போவுது, உனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுன்னு."

அக்கா பென் டிரைவை எடுத்துச் சொருகினாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தப் படம் ஸ்டேஷனுக்குப் போனால் தம்பி வெளியே, அண்ணன் உள்ளே. தம்பியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாமே, அக்கா என்று சொல்லிக்கொண்டே வாசலில் போய் நின்றேன்.

அவள் அறைந்ததில் என் கீழுதடு கிழிந்தது.

"நீயுமா," என்றாள். குரலில் கோபம் இல்லை. என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, நெற்றி ரத்தத்தைக்கூடக் கழுவாமல், பென் டிரைவை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வெயிலில் நடந்து போனாள். அண்ணன் எழுந்து ஓடவில்லை. அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, அவனும் ஸ்டேஷனுக்கே நடந்தான்.

அவள் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் இப்போது இருப்பது வேறு ஊர், வேறு வேலை. நாள் முழுக்க ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளோடுதான் பிழைப்பு. இதைச் சொன்னால் சிலர் அவள் ராட்சசி என்கிறார்கள், சிலர் நியாயஸ்தி என்கிறார்கள். என் உதட்டில் இருக்கும் தழும்பு இரண்டையும் ஒப்புக்கொள்கிறது.

தம்பியின் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று அவளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலையில் கட்டு, வலது கை போர்வைமேல் யாருடையதோ மாதிரி கிடந்தது. அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணன் எங்க?" என்றான்.

"உள்ள."

"நீயா குடுத்த?"

"நான்தான்."

அவன் அவளையே பார்த்தான். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. அவன் யார்மேலும் கை ஓங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. போர்வைமேல் கிடந்த அந்தக் கை இழுத்து இழுத்து எழும்பியது. எழும்பி, தோளிலிருந்து வீசிய வேகத்தில் அவள் கன்னத்தில் இறங்கியது. பலமான அறை இல்லை. ஆனாலும் விரல்கள் பதிந்தன. பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து தம்பியின் தோளைப் பிடித்தார்.

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்னத்தைத் தொடவும் இல்லை. தம்பியின் கை விழுந்த இடத்தில், போர்வைமேல், விரல்கள் இன்னும் மடங்கி விரிந்துகொண்டிருந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு, வார்டு கடைசியில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த நர்ஸுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"சிஸ்டர், இவன் வலது கை. கொஞ்சம் வந்து பாருங்க."